பன்றி நாடியும் மனித நாடியும்: ‘தளர்வு’ வேறு, ‘விரிவு’ வேறு

வணக்கம்.

நாங்கள் எழுதப்போகும் பாடத்தில், நாடி (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் கலன்) தளர்வதற்கும் அதன் விட்டம் கூடுவதற்கும் ‘கலன்விரிவு’ என்ற ஒரே சொல்லை வைத்துவிடலாம் என்று அண்ணை எழுதியிருந்ததை வாசித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்றியின் குருதிக்கலன் வேலைசெய்யும் விதத்தை மனிதரின் குருதிக்கலனோடு ஒப்பிட்டு எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப்போகிறோம் என்றால் அவர்கள் முதலில் குழம்பப்போவது இந்த இடத்தில்தான்.

ஆய்வுகூடத்தில் நடப்பதைப் பாருங்கள். கொல்களத்திலிருந்து வந்த பன்றி இதயத்தில் முடியுரு நாடியை (இதயத்தசைக்கே குருதி கொடுக்கும் நாடி) பிரித்தெடுத்து, சில மில்லிமீற்றர் நீள வளையங்களாக வெட்டி, 37 பாகை உப்புக்கரைசலில் ஒட்சிசன் குமிழவிட்டு, இரண்டு கம்பிக் கொளுக்கிகளுக்கு இடையில் மாட்டுகிறார்கள். ஒரு கொளுக்கி அசையாது, மற்றது இழுவிசையை அளக்கும் கருவியோடு சேர்ந்திருக்கும். முதலில் ஒரு மருந்தால் வளையத்தைச் சுருங்கவைத்து, பிறகு கலனைத் தளர்த்தும் பிராடிகைனின் என்ற பொருளைச் சேர்த்தால் இழுவிசை இறங்கும். உட்பக்கத்தை மெல்ல உரசி அகவணியை (கலனின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய படலம்) நீக்கிவிட்டால் அந்த இறக்கம் வராது. இதில் யாரும் விட்டத்தை அளக்கவே இல்லை. அதனால் இது தளர்வு.

மனிதரில் அப்படி வெட்டி மாட்ட முடியாதுதானே. முன்கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைக் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கி வைத்துவிட்டு, விட்டவுடன் குருதி பாயும்போது மேற்கை நாடியின் விட்டம் எவ்வளவு கூடுகிறது என்று ஸ்கானில் பார்க்கிறார்கள். இது விரிவு. உள்ளே தசை தளர்ந்துதான் அது விரிகிறது, சரி, ஆனால் கண்ணுக்குத் தெரிவது விட்டம். கயிறு தளரும், வாய்க்கால் விரியும் என்று பேச்சுத்தமிழே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கும் அப்படியே: தசைக்குச் சுருக்கம், குழாய்க்கு ஒடுக்கம்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்கு நான் முன்வைப்பது ‘கலன் துலங்கல்’, அதாவது ஒரு தூண்டலுக்குக் கலன் காட்டும் பதில். தூண்டல், துலங்கல் இரண்டும் உயர்தர உயிரியலில் பிள்ளைகள் படித்த சொற்கள்தான். அதைவிட, துலங்கல் எந்தத் திசையையும் முன்கூட்டிச் சொல்லிவிடாது. 1980இல் ஃபேர்ச்கொட், சவாட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் முயலின் பெருநாடி அசற்றைல்கோலின் என்ற நரம்புக்கடத்திப் பொருளுக்குத் தளர அகவணி வேண்டும் என்று காட்டினார்கள், பின்னர் அகவணி விடும், தசையைத் தளர்த்தும் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்று தெரியவந்து 1998இல் ஃபேர்ச்கொட்டுக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. ஆனால் பன்றியின் முடியுரு நாடி, அகவணி பழுதில்லாமல் இருந்தாலும், அசற்றைல்கோலினுக்குச் சுருங்கும். நலமான மனிதரின் முடியுரு நாடி அதே பொருளுக்கு விரியும், கொழுப்புப் படிந்து அகவணி கெட்டது ஒடுங்கும். பன்றியையும் மனிதரையும் ஒப்பிடும் அட்டவணையின் தலைப்பில் ‘கலன்விரிவு’ என்று போட்டுவிட்டுப் பன்றிக்குக் கீழே எதை எழுதுவது? ‘அசற்றைல்கோலினுக்கான கலன் துலங்கல்’ என்றால் இரண்டு நிரலும் பொய்யில்லாமல் நிற்கும். பன்றியின் சுருக்கம் நோயின் அடையாளமில்லை, அந்த விலங்கின் இயல்பு என்பதையும் பாடத்தில் ஒரு வரி கட்டாயம் எழுதவேண்டும்.

அப்படியென்றால் பன்றி எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். இதயத்தின் அளவும் முடியுரு நாடிகள் ஓடும் விதமும் எங்களுடையதற்குக் கிட்ட. நாயின் இதயத்தில் ஒரு நாடி அடைபட்டால் உதவிக்கு வர இயல்பாகவே நிறையப் பக்க இணைப்புகள் உண்டு, பன்றியில் மிகக் குறைவு, மாரடைப்பைப் படிக்க அதுதான் வசதி.

தமிழகத்து நண்பர்கள் அகவணியை ‘எண்டோதீலியம்’ என்றே எழுதுவோம் என்கிறார்கள். மேலணி (எபிதீலியம்), அகவணி என்று எங்கள் பாடநூல்களில் சோடியாக ஊன்றிவிட்ட சொற்களை விட எனக்கு மனமில்லை. அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. வேண்டுமானால் முதல் தடவை மட்டும் அடைப்புக்குறியில் அவர்களுடைய சொல்லையும் போடுவோம். நாடிக்குப் பக்கத்தில் தமனியும் அப்படியே வரட்டும், அங்கே நாடி என்றால் துடிப்பு என்றுதான் எடுப்பார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கொழுப்புப் படிந்து நிரந்தரமாக ஒடுங்கிப்போன நாடிக்கும் ‘ஒடுக்கம்’ என்றே எழுதினால், மருந்துக்கு வந்து போகும் ஒடுக்கத்தோடு அது கலந்துவிடும். நிரந்தரமானதற்குக் ‘குறுக்கம்’ என்று வைக்கலாமா? வாட்டில் நோயாளரோடு தமிழில் கதைப்பவர்கள் சொல்லுங்கள்.