மறு: ‘ஹோர்ட்’ – புதையலா, வைப்பா, குவையா?

அனைவருக்கும் வணக்கம். ஒரே இடத்தில் சேர்த்து இடப்பட்ட காசு, நகை போன்ற பொருள்களின் தொகுதியைத் தொல்லியலில் ‘ஹோர்ட்’ (hoard) என்பார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘புதையல்’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

‘ட்ரெஷர்’ என்பதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே! இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைத் தமிழில் எழுத முயன்றபோதுதான் எனக்கே இது உறைத்தது. வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவருக்கு ஒற்றை ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்தால் அது பொதுவாகப் புதையல் ஆகாது. ஒன்றாக இரண்டு கிடைத்தால் ஆகும்; 14 நாள்களுக்குள் கொரோனரிடம் (மரண விசாரணையோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். செம்புக்காசு என்றால் குறைந்தது பத்துக் காசுகள் தேவை. அதே காலத்துத் தங்க மோதிரமோ தனியாகக் கிடைத்தாலும் புதையல்தான். ஒற்றை மோதிரத்தை ‘ஹோர்ட்’ என்று எந்தத் தொல்லியலாளரும் சொல்லமாட்டார்.

‘வைப்பு’ நான் முன்மொழிந்ததுதான். 226ஆம் குறளின் ‘பொருள்வைப்புழி’ (பொருளைச் சேமித்து வைக்கும் இடம்) என்னை மயக்கிவிட்டது. இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வங்கி வைப்போடு குழம்பும் என்பதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அச்சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது.

2010இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஃப்ரோம் அருகே டிடெக்டர் காட்டிக்கொடுத்த பானையை நினைத்துப் பாருங்கள். 52,503 ரோமானியக் காசுகள், ஏறத்தாழ 160 கிலோ. அவ்வளவு எடையோடு அந்த மெல்லிய பானையை உடையாமல் தூக்க வழியில்லை. ஆகவே முதலில் குழியில் பானையை இறக்கி, பிறகுதான் காசுகளைக் கொட்டியிருக்க வேண்டும். திரும்ப எடுப்பதற்காகப் புதைத்ததல்ல, காணிக்கையாக இட்டது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வழக்கில் நம் கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது.

குவியல் என்று பொருள்படும் ‘குவை’ அப்படி எழுதவில்லை. பொற்குவை, நிதிக்குவை என்று பழகிய சொல்தான். ‘காசுக்குவை’ என்றால் விளக்கவே வேண்டாம். கலப்பை இழுத்து வயல் முழுக்கச் சிதறியதை எப்படிக் குவை என்பது என்று கேட்டிருந்தீர்கள். ‘கலைந்த குவை’ என்போம். குவிந்திருந்தது என்ற செய்தியும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

மெட்டல் டிடெக்டர் கருவிக்கு ‘உலோகமானி’ வேண்டாம். மானி அளப்பது; இது அளப்பதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. திசைகாட்டி போல ‘உலோகங்காட்டி’ போதும். (ரோமானியக் காசைவிடத் துருப்பிடித்த ஆணியைத்தான் அதிகம் காட்டும் என்பது வேறு கதை.)

இன்னொன்று மிச்சமிருக்கிறது. சந்தையிலோ வழியிலோ கைதவறி விழுந்த தனிக் காசுகளுக்கு ‘உதிர்காசு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வினைத்தொகையாக நிற்கிறது, காசுக்குவைக்கு எதிர்ச்சொல்லாகவும் பொருந்துகிறது. ‘உதிரிக்காசு’ சில்லறை என்று கேட்பதால் அதைத் தவிர்த்தேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.