மூளை உறைப் புற்றா, மெல்லுறைப் புற்றுப்பரவலா?

> மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் புற்று பரவுவதற்கு ‘மூளை உறைப் புற்று’ என்று போட்டுவிடலாமா? நோயாளிக் கையேடு அச்சுக்குப் போகவேண்டும்.

ஐயா, அவசரம் புரிகிறது. ஆனாலும் இப்படியே அச்சுக்கு விடவேண்டாம். உறையிலேயே முளைக்கும் மெனிஞ்சியோமா என்ற கட்டி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது புற்றே இல்லை. அறுவை செய்தபின் பல்லாண்டு நலமாக இருப்பவர்கள் உண்டு. நாம் பேசுவது மார்பகத்திலோ நுரையீரலிலோ தோலின் மெலனோமாவிலோ தொடங்கி இங்கே வந்து சேரும் புற்றை. சிகிச்சை இல்லாவிட்டால் ஆயுள் வாரக்கணக்கு. இருந்தாலும் பலருக்கு மாதக்கணக்குதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மெனிஞ்சியோமாக்காரர் வீணாகக் கதிகலங்கிப் போவார்.

உறைகள் மூன்று. வெளியே தடித்தது. உள்ளே இருக்கும் மெல்லிய இரண்டுக்கும் நடுவில்தான் தண்டுவட நீர் ஓடுகிறது. புற்றணு அந்த நீரில் இறங்கிவிட்டால் மூளையடியிலிருந்து இடுப்பு வரை எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். இரட்டைப் பார்வை, முகம் ஒருபக்கம் இழுப்பது, கால் வலுவிழப்பது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொல்லைகள் ஒரே ஆளுக்கு வருவது இதனால்தான். தடித்த வெளியுறையில் மட்டும் படியும் புற்றோ வேறு சங்கதி. அதற்கு நீருக்குள் மருந்து செலுத்திப் பயனில்லை. ஆகவே ‘மெல்’ என்பதும் ‘பரவல்’ என்பதும் பெயரில் இருந்தே ஆகவேண்டும்.

என் பரிந்துரை: மெல்லுறைப் புற்றுப்பரவல். மெல்லிசை என்பதுபோல் மெல்லுறை. புற்று வேறிடம் பரவுவதற்கு ‘மாற்றிடம் புகல்’ துல்லியமான சொல்தான், ஆனால் கையேட்டில் படிப்பவருக்கு அகதி நினைவு வரும்.

அப்புறம், பெயரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ‘முதுகு நீரில் புற்றணு இல்லையென்றால் நோய் இல்லை’ என்று வரைவில் இருக்கிறது. அதை நீக்கிவிடுங்கள். முதுகில் ஊசி குத்தி முதல்முறை எடுக்கும் தண்டுவட நீரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் புற்றணு சிக்கும். மறுமுறை எடுத்தால் வாய்ப்பு கூடும். குறைந்தது 10 மி.லி. எடுத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். எம்.ஆர்.ஐ. படம் நீர் எடுக்கும் முன்பே, முதுகையும் சேர்த்து. பின்னால் எடுத்தால் ஊசி குத்தியதாலேயே வெளியுறை ஒளிர்ந்து குழப்பும். நோய் இருந்தால், கடோலினியம் என்ற, படத்தைத் துலக்கிக் காட்டும் மருந்தைச் செலுத்தி எடுத்த படத்தில் சிறுமூளை மடிப்புகளின் மேல் சர்க்கரை தூவியது போல வெள்ளைப் படலம் தெரியும்.

சிகிச்சைப் பகுதியில் ‘ஓமாயா’வை மொழிபெயர்க்க வேண்டாம்; அது 1963இல் அந்தக் கருவியை அறிமுகம் செய்த பாகிஸ்தானிய மருத்துவர் அயூப் ஓமாயாவின் பெயர். ஓமாயா குமிழ் என்றால் போதும். தலைத்தோலுக்கு அடியில் அதைப் பொருத்தி, மெதோட்ரெக்சேட் போன்ற மருந்தை நேரே நீருக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் முதுகில் குத்தவேண்டியதில்லை.

> மெல்லிசை என்பதுபோல் மெல்லுறை.

மெல்லுறை சரி அண்ணா, எனக்குச் சம்மதம். ஒரேயொரு விஷயம்: இலங்கைப் பாடநூல்களில் தண்டுவடம் என்பது முண்ணாண். கையேடு யாழ்ப்பாணத்துக்கும் போவதென்றால் முதல் இடத்தில் மட்டும் இரண்டையும் போடுங்கோ.