பழைய நாடகத்தை இன்றைய மேடைக்கு வெட்டுவது: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

இயக்கம், பாளையங்கோட்டை:

மனோன்மணீயம் 1891-ல் அச்சானது. சுந்தரம் பிள்ளை அதைப் படிக்கிற நாடகமாகத்தான் எழுதினார்: 5 அங்கம், 20 களம், நாலாயிரத்துக்கு மேல் அடிகள். நாற்சீர் அடி ஒன்றை அவசரமில்லாமல் சொல்ல மூன்றரை நொடி பிடிக்கும். அப்படியே பேசினால் பேச்சு மட்டும் 4 மணி நேரம். 100 நிமிட நாடகம் என்றால், நடமாட்டம், இசை, களமாற்றம் போக 1,200 அடிக்குத்தான் இடம்.

வெட்டும்போது எல்லோரும் வழுக்குவது ஒரே இடத்தில். வினைமுற்று எட்டுப் பத்து அடி தள்ளி நிற்கும். நடுவில் நாலு அடியை உருவினால் எழுவாய் அந்தரத்தில் நிற்கும். யார் என்ன செய்தார் என்று நடிகருக்கே புரியாது. ஒவ்வொரு பேச்சையும் முதலில் சந்தி பிரித்து உரைநடையாக எழுதி, முற்றுகளைச் சிவப்பில் கோடிடுங்கள். ஒரு சிவப்புக் கோட்டிலிருந்து அடுத்ததுவரை உள்ளதை எடுத்தால் முழுசாக எடுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

பாண்டியனின் குரு சுந்தரமுனிவருக்குச் சீடர்களான நிட்டாபரர், கருணாகரர் வாதத்தை முதலில் எடுத்துவிடலாம். நாடகத்துக்குள் வரும் கதைப்பாட்டான சிவகாமி சரிதையை இரண்டு குரலில் நாலு நிமிடப் பாட்டாக்கலாம். பாண்டியனின் சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனின் தனிமொழியில் மட்டும் கை வைக்காதீர்கள். கதையே அவன் மனக்கணக்கில்தான் நகர்கிறது. அவன் பேச்சைக் கேட்டுப் பாண்டியன் தலைநகரை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றிய செய்தி வரும் இடத்தில் நம் ஊர் அரங்கில் சிரிப்பு எழும். அது அடுத்த அடியை விழுங்கிவிடும். நடிகர் அங்கே மூன்று நொடி பொறுக்கட்டும்.

குரல் பயிற்சி, தென்காசி:

அண்ணாச்சி, வெட்டுற முறை சரிதான். ஆனா நிட்டாபரர் வாதத்தை அடியோட தூக்குனா சுந்தரமுனிவர் வெறும் சுருங்கை (சுரங்க வழி) தோண்டுற ஆளா போயிருவாரு. இருபது அடியாவது இருக்கட்டும்.

அடி முடியுற இடத்துலயெல்லாம் மூச்சு எடுத்தா பள்ளிக்கூடத்துல மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஆயிரும். எதுகையில அழுத்துனா இன்னும் மோசம். மூச்சுக்குறியப் பொருள் முடியுற இடத்துல போடுங்க. ஒரு மூச்சுக்கு ரெண்டு, ரெண்டரை அடி தாங்கும். முதல் பத்து நாள் உரைநடையாவே பேச வச்சு, பிறகு செய்யுளுக்குத் திரும்பணும். கடைசி வாரத்துல திருப்புனா ரெண்டும் கலந்து வரும், மேடையில திணறுவாங்க.

ஹார்மோனியம், சங்கரன்கோவில்:

சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை எடுப்பவர்களுக்குச் சுருதிதான் முதல் சிக்கல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று ராஜபார்ட்காரர்கள் (கதாநாயக வேடக்காரர்கள்) உச்சக் கட்டையில் (சுருதி அளவில்) பாடினார்கள்; செங்கோட்டை கிட்டப்பாவின் புகழே அந்தக் குரலுக்குத்தான். இன்றைக்கு மைக் இருக்கிறது. வேலனாக, அதாவது முருகனாக வரும் கல்லூரிப் பையனை 5 கட்டையில் பாடச் சொன்னால் இரண்டாவது பாட்டிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும்.

ஆணுக்கு 1 கட்டை, பெண்ணுக்கு 5 கட்டை வையுங்கள். வள்ளியின் ஷட்ஜம் வேலனுக்குப் பஞ்சமம். சுருதியை மாற்றாமலே இரண்டு பேருக்கும் ஓடும். வள்ளிக்கு அதே சுருதி மத்திம சுருதியாக நிற்கும்.

வள்ளியும் வேலனும் வாதாடும் தர்க்கம் விடிய விடிய இழுக்கப்பட்ட பகுதி. இப்போது 12 நிமிடம் போதும். ஐந்து கேள்வியைப் பேசி வைத்துக்கொண்டு, பதில் மட்டும் மேடையில் பிறக்கட்டும். பதிலையும் எழுதிக் கொடுத்தால் அது தர்க்கமே இல்லை. நிறுத்தும் குறிப்பு மிருதங்கத் தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு), மூன்று தடவை. மூன்றாவதில் பாட்டு எடுத்தாக வேண்டும்.

ஒளி, ஒலி, திருநெல்வேலி டவுன்:

மனோன்மணீயத்தின் கடைசிக் களம் நள்ளிரவுத் திருமணம். சேர மன்னன் புருடோத்தமன் சுருங்கை வழியாக வருகிறான். நம் பள்ளி, கல்லூரி மேடைகளில் தரையில் திறப்பு கிடையாது. பார்வையாளர் நடுவே அழைத்து வந்தால் பின்கதவு திறந்த மாத்திரத்தில் வராந்தா வெளிச்சம் உள்ளே பாயும். மேடையின் பின்பக்கம் இரண்டரை அடி உயர மேடை போட்டு, அதன் முன்முகத்தில் நாலடி அகலம் விட்டுக் கறுப்புத் துணி கட்டுங்கள். உள்ளே தரையோடு ஒரு மஞ்சள் விளக்கு. ஆள் குனிந்து வந்து நிமிர்ந்தால் போதும், சுருங்கை வந்துவிட்டது. மலிவான எல்இடி விளக்கை ரொம்பக் குறைத்தால் சிமிட்டும், அதனால் இந்தக் களத்துக்கு முகத்தில் ஹாலஜன் இருக்கட்டும்.

காலர் மைக்கை மார்பில் குத்தாதீர்கள். பாண்டியன் மகள் மனோன்மணி மாலையிடும்போது ஆரமும் பூமாலையும் உரசி, பேச்சுக்குப் பதில் சரசரப்புதான் கேட்கும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் மைக்ரோபோர் (மருந்துக்கடைக் காகித டேப்) ஒட்டி, கிரீடத்தின் விளிம்புக்கு வெளியே மைக்கின் வாய் தெரியும்படி வையுங்கள்.

தேதி குறிக்கும்போது ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். தகரக்கூரையில் மழை விழுந்தால் ஆசிரியப்பாவும் கேட்காது, அகவலோசையும் கேட்காது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட சமயத்தில் டவுனுக்குள் வைக்கவே வேண்டாம். சித்திரையில் வைத்தால் மின்விசிறியை நிறுத்த முடியாது, சத்தத்தில் அடியின் கடைசிச் சீர் காணாமல் போகும். தை, மாசி மாலை ஆறரைக்கு மேல் என்றால் விசிறி இல்லாமலே ஓட்டிவிடலாம்.