நீங்கள் கிளம்பி வந்த பிறகு அங்கே என்ன மிஞ்சியது? அயல்நாட்டுத் தொண்டு நிறுவனங்களில் பயிற்சிக்குச் சென்றவர்களின் அனுபவங்கள்

படிக்கும்போதே வேறொரு நாட்டுக்குப் போய், ஒரு தொண்டு நிறுவனத்தோடு சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். போகப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் விசா, தங்குமிடம், சான்றிதழ் பற்றித்தான். எனக்குக் கேட்க வேண்டியது வேறு. நீங்கள் கிளம்பி வந்த பிறகு அங்கே என்ன மிஞ்சியது? என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்தபோது பத்து வாரம் பங்களாதேஷில் இருந்தேன். மேக்னா ஆற்றுச் சமவெளியில் ஒரு கிராமம். குடிநீர் பற்றிய கணக்கெடுப்புதான் வேலை. அந்த மண்ணின் தண்ணீர்க் கதையைக் கேட்டால் நெஞ்சு கனத்துவிடும். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்ததைத் தடுக்கத்தான் 1970களிலிருந்து லட்சக்கணக்கில் அடிகுழாய்களைப் போட்டார்கள். அந்தக் குழாய் நீரிலேயே ஆர்சனிக் இருப்பது 1993இல் தெரியவந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற நஞ்சின் அடர்த்திதான் கூடும். ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் உள்ளங்கையில் தோல் தடித்து, சிறுசிறு முடிச்சுகளாகக் காய்த்திருக்கும். அப்படி ஒரு கையை என் கையில் வாங்கிப் பார்த்தேன். உழைத்துக் காய்த்த கை என்றுதான் முதலில் நினைத்தேன்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சுமார் 50 லட்சம் குழாய்களைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று பெயிண்ட் அடித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் போனபோது பல குழாய்களில் பெயிண்ட் உதிர்ந்து துருதான் தெரிந்தது. பின்னால் போட்ட குழாய்களுக்கு எந்த நிறமும் இல்லை.

என்னிடம் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அதில் 64 கேள்விகள். இரண்டு வாரம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கேட்ட எல்லாரும் "பச்சைக் குழாயில்தான் எடுக்கிறோம்" என்றார்கள். மாலையில் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் போய் நின்று பார்த்த பிறகுதான் உண்மை விளங்கியது. அங்கே குழாய்கள் பெரும்பாலும் தனியாருடையவை, வீட்டு முற்றத்தில் இருப்பவை. பச்சைக் குழாய் இருந்தது இன்னொருவர் முற்றத்தில். மருமகளாக வந்த இளம்பெண் நாளைக்கு நான்கு முறை குடத்தோடு அடுத்த வீட்டு முற்றத்தில் போய் நிற்க முடியுமா? என் 64 கேள்விகளில் "அது யாருடைய முற்றம்?" என்ற கேள்வி இல்லை.

எங்கள் களப் பொறுப்பாளர் அறுபது வயதைத் தொட்டவர். எல்லாரும் அவரை "ஆபா" என்பார்கள். அக்கா என்று பொருள். இளவயதில் அவர் பிராக் என்ற பங்களாதேஷ் தொண்டு நிறுவனத்தின் ஊழியராக வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கரைத்துக் கொடுப்பது எப்படி என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலான வீடுகளில் அளவுக் கரண்டி கிடையாது. ஆகவே விரல்களே அளவு. ஆபா எனக்குச் செய்து காட்டினார்: மூன்று விரல் சேர்த்து எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பாத்திரத்தில் அரை சேர் எதுவரை வரும் என்று கோடு கிழித்தே காட்டுவார்களாம்.

அதன்பின் அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. அவர்களுக்குச் சம்பளம், எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்து அல்ல. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் தாய்மார்களைக் கேட்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்தே ஊழியருக்குப் பணம். "நீ இங்கிருந்து போன பிறகு யாராவது வந்து கேட்டால், இந்தப் பெண்கள் என்ன சொல்வார்கள்?" என்று ஆபா கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

மீதி எட்டு வாரத்தில் கணக்கெடுப்பைச் சுருக்கி, சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம். புட்டியில் நீர் பிடித்து, பொடிகளைப் போட்டு மூடி, மூடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிவிட வேண்டும். எழும் வாயு பட்டுத் தாள் மஞ்சளாகும். ஆர்சனிக் மிகுந்தால் பழுப்பாகும். பெண்கள் சுற்றி நின்று அந்தத் தாளையே பார்ப்பார்கள். அந்த நிமிடங்களில் யாரும் பேசமாட்டார்கள். ஒரு வீட்டுத் தாள் பழுப்பானபோது, எதிர்வீட்டு மூதாட்டி தானாகவே, "காலையிலும் அந்தியிலும் என் முற்றத்தின் கதவைத் திறந்து வைக்கிறேன், பெண்கள் வரட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எந்தக் கணக்கெடுப்பாலும் வாங்கியிருக்க முடியாது. 46 குழாய்களுக்குப் பெயிண்ட் அடித்தோம். எனக்குத் தெரிந்து அங்கே மிஞ்சியது அதுதான்.

* * *

அக்கா, நினைவை வைத்துச் சம்பளம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் உகாண்டா கண்முன் வந்துவிட்டது. வணிகவியல் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஏழு வாரம் மசாகா பக்கத்தில் இருந்தேன். கிராமச் சேமிப்புக் குழுக்களோடு வேலை. 1991இல் நைஜரில் கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு பெண்களோடு தொடங்கிய முறை இது. பிறகு ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. வங்கியும் இல்லை, வெளிக்கடனும் இல்லை. இருபது பேர் போலச் சேர்ந்து, வாரம் ஒருமுறை கூடிப் பணம் போடுவார்கள். அதிலிருந்தே கடன் எடுப்பார்கள். ஆண்டு முடிவில் வட்டியோடு பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

பணம் இருப்பது ஓர் இரும்புப் பெட்டியில். அதற்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம். பெட்டியை வீட்டில் வைத்திருப்பவரிடம் சாவி கிடையாது. கூட்டத்தின் நடுவில்தான் திறக்க வேண்டும், எல்லார் கண் முன்னாலும்தான் எண்ண வேண்டும். ஒரு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில், எண்ணுபவரின் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. உடனே நிறுத்திவிட்டார்கள். அரை மணி நேரம் பணத்தின் மேல் துணியைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் காத்திருந்தார்கள். மழை விட்டதும் முதலிலிருந்து எண்ணினார்கள்.

அவர்கள் கணக்கை எக்செல்லில் ஏற்றித் தருவதுதான் என் திட்டம். நான்கு வாரம் உழைத்து அழகான அட்டவணை செய்தேன். காட்டியபோது மரியாதையாகக் கைதட்டினார்கள். பிறகு தலைவி எழுந்து, போன வாரம் பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். அத்தனை பேரும் ஒரே குரலில் தொகையைச் சொன்னார்கள். கூட்டம் முடியும்போது மிச்சத்தை எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்வது அந்த முறையின் விதிகளில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாமல் காப்பது அதுதான். என் கணினியில் ஏறிய கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்களின் கணக்கு இருபது பேருக்கும் தெரியும். பாதுகாப்பு எதில் அதிகம் என்று அன்று புரிந்தது.

அவர்களாகக் கேட்டது ஒன்றே ஒன்று. செல்பேசி வழியாக வரும் பணத்தை எடுக்கும்போது எவ்வளவு கட்டணம் பிடிக்கிறார்கள், சிறிது சிறிதாக எடுத்தால் நட்டமா, மொத்தமாக எடுத்தால் நட்டமா? கட்டணப் பட்டியல் முகவர் கடையில் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை ஓர் அட்டையில் பெரிய எண்களாக எழுதிக் கொடுத்தேன். ஒரு மாலை நேர வேலைதான். அந்த அட்டையைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பசை தடவி ஒட்டிக்கொண்டார்கள்.

* * *

நீங்கள் இருவரும் மிஞ்சியதைச் சொன்னீர்கள். நான் மிஞ்சக் கூடாத ஒன்றை விட்டுவிட்டு வந்தவள். இதை எழுத எனக்கு ஐந்து ஆண்டு ஆயிற்று.

இளங்கலை முடித்த கோடையில் நேபாளத்தில், காத்மாண்டு பள்ளத்தாக்கில் ஒரு குழந்தைகள் இல்லம். ஓர் இடைத்தரகு நிறுவனத்துக்குப் பணம் கட்டித்தான் போனேன். நான்கு வாரம். எந்தப் பயிற்சியும் தரவில்லை, என் பின்னணியையும் யாரும் விசாரிக்கவில்லை. முதல் நாளே ஏழெட்டுக் குழந்தைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். அன்புக்கு ஏங்குகிறார்கள், நான் வந்தது நல்லதாயிற்று என்று நினைத்தேன். முன்பின் தெரியாத ஆளிடம் ஒரு குழந்தை முதல் நிமிடத்திலேயே ஒட்டிக்கொள்வது நல்ல அறிகுறி அல்ல, பல பிரிவுகளின் தழும்பு என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டினாள். கடைசிப் பக்கங்களில் வரிசையாகப் பெயர்கள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்து, போன அக்காக்கள், அண்ணன்கள். முப்பதுக்கு மேல் இருந்தன. என் பெயரையும் என்னையே எழுதச் சொன்னாள். எழுதினேன். "எந்தத் தேதி போகிறாய்?" என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு அம்மா இருந்தார், மேற்கே, பல நாள் பயணத் தொலைவில் ஹும்லாவில். நேபாளத்தில் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பிள்ளைகளைத் தரகர்களிடம் ஒப்படைத்த குடும்பங்கள் ஹும்லாவில் ஏராளம். பணம் கட்டி வருகிறவர்கள் இருக்கும்வரை இல்லங்களுக்குக் குழந்தைகள் தேவைப்படுவார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு என்னுடையது. இப்படிக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கொண்டுசேர்ப்பதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று 2018இல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்வதை நேபாளச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

குழந்தைகள் இல்லத்துக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளிடம் மன்றாடிக் கேட்கிறேன், போகாதீர்கள். குடும்பங்களிடம் குழந்தைகளைத் திருப்பிச் சேர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன. அங்கே அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை கிடைத்தாலும் அது மேலானது.

* * *

நான் மாணவர்களை வரவேற்கும் பக்கத்து ஆள். ஒரு கிராமப்புற அமைப்பில், வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களை ஒன்பது ஆண்டு கவனித்துக்கொண்டேன். நேபாளம் பற்றி எழுதிய தங்கைக்கு நன்றி, அதை எழுதத் துணிவு வேண்டும்.

எட்டு வாரத்துக்கு ஒரு மாணவர் வந்தால், முதல் இரண்டு வாரம் எங்கள் ஊழியர் ஒருவர் முழுக்க அவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. எங்கள் அலமாரியில் ஒரே ஊரைப் பற்றி, ஐந்து மாணவர்கள் ஐந்து ஆண்டுகளில் எழுதிய ஐந்து ஆங்கில அறிக்கைகள் இருந்தன. அதுதான் வருத்தம். அந்த ஊரில் யாருக்கும் அவற்றைப் படிக்கத் தெரியாது. கிளம்பும் முன்னால் மின்னஞ்சலில் கேளுங்கள்: எனக்கு முன் வந்தவர் என்ன செய்தார், அது இப்போது எங்கே இருக்கிறது, இந்த வேலையை உள்ளூரில் செய்ய ஆள் இல்லையா, என்னை மேற்பார்க்கப் போகிறவர் யார்? பதில் வரத் தாமதமானால் பொறுங்கள். பதிலே வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

ஆறாவதாக வந்த மாணவி அந்த ஐந்து அறிக்கைகளையும் படித்துவிட்டு, ஆறாவதை எழுத மாட்டேன் என்றாள். அவற்றிலிருந்து வீடுகள், கிணறுகள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று எண்களை மட்டும் எடுத்து, ஊர்க்காரர்களின் மொழியில் ஒரு பெரிய தாளில் எழுதி, சமுதாயக் கூடத்தில் மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படித்தாள். உச்சரிப்பு தடுமாறியது, யாரும் சிரிக்கவில்லை. கீழத் தெருவில் 28 வீடு என்று அவள் படித்தபோது ஒரு பெரியவர் எழுந்தார். "31" என்றார். ஐந்து அறிக்கையிலும் 28தான் இருந்தது. ஓடைக்கு அப்பால் இருக்கும் மூன்று வீடுகளுக்கு இதுவரை யாருமே போகவில்லை.

அவள் பேனாவை அவரிடமே கொடுத்தாள். 28ஐ அடித்துவிட்டு 31 என்று அவர் எழுதினார். தாள் மங்கிவிட்டது, இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.