எந்திரக் கைத்தாங்கல்: பக்கவாதக் கைப்பயிற்சிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கு ரோபோவின் துணையோடு அளிக்கப்படும் பயிற்சிக்கு ‘இயந்திர மனிதவழிக் கை மீட்பு’, ‘தானியங்கிக் கை மறுவாழ்வு’, ‘விசைக்கைப் பயிற்சி’ என்று மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. சேலத்தில் இயன்முறை மருத்துவராக இத்தகைய நோயாளிகளை நாள்தோறும் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றுமே அந்தக் கருவி செய்யும் வேலையைத் தலைகீழாகக் காட்டுகின்றன. மாற்றாக ‘எந்திரக் கைத்தாங்கல் பயிற்சி’ என்பதை முன்மொழிகிறேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். இவ்வகையில் முன்னோடியானது, மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் உருவாக்கி 1990களில் நோயாளிகளிடம் சோதித்த ‘எம்.ஐ.டி. மேனஸ்’. மேனஸ் என்றால் இலத்தீனில் கை என்றே பொருள். அதற்குத் தலையும் இல்லை, காலும் இல்லை; ஆகவே ‘இயந்திர மனிதன்’ அங்கே எங்கும் இல்லை. நோயாளி மேசை முன் அமர்ந்து, முன்கையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, பிடியைப் பற்றித் திரையில் தெரியும் புள்ளிகளை நோக்கித் தன் கையை நகர்த்துகிறார். அவர் நேராக நகர்த்தினால் எந்திரம் இடம் கொடுத்துப் பின்னாலேயே வருகிறது. அவர் தொடங்க முடியாமல் தவித்தாலோ, பாதை விலகினாலோ மட்டும் அதன் மோட்டார் மெல்ல வழிக்குக் கொண்டுவருகிறது. தானாக இயங்குவது கருவியின் நோக்கமன்று. நோயாளியின் முயற்சி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை மட்டும் இட்டு நிரப்புவதே அதன் நோக்கம். ‘தானியங்கி’ என்னும் சொல் இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

‘விசைக்கை’ என்ற சொல் முதலில் எனக்கும் பிடித்திருந்தது. கைத்தறியும் விசைத்தறியும் அடுத்தடுத்த தெருக்களில் ஓடும் ஊரில் ‘விசை’ என்பதற்கு விளக்கம் தேவையில்லை என்று எண்ணினேன். அந்த எண்ணத்தை மாற்றியவர், அம்மாப்பேட்டையிலிருந்து வரும் நெசவாளர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் நாடாக் கயிற்றை இழுத்த அவருடைய வலக்கை, இப்போது மேசைமேல் விரித்த துண்டை ஒரு சாண் தள்ளுவதற்கே நடுங்குகிறது. அவருடைய முழங்கைக்கு அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்திருப்பேன். அவர் தள்ளும்போது பாரம் குறைவதும், சோரும்போது கூடுவதும் எனக்கு அதில் தெரியும். எங்கள் கூடத்தில் ரோபோ கிடையாது. ஒருநாள் அது வேலை செய்யும் காணொளியைக் கைப்பேசியில் காட்டினேன். உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது விசைத்தறி மாதிரி அதுவே ஓட்டிக்குமா? நான் சும்மா உக்காந்திருந்தா போதுமா?” என்று கேட்டார். “இல்லீங்கய்யா, ஓட்டுறது நீங்கதான். நீங்க தடுமாறுற எடத்துல மட்டும் அது கைத்தாங்கலா வரும்” என்றேன். “அப்ப நீ கைய குடுக்குற மாதிரிதான்” என்றார்.

விசைத்தறி வந்தால் கைக்கு வேலை இல்லை என்பது அவருடைய வாழ்க்கை அனுபவம். அதே முன்னொட்டைக் கை உழைக்க வேண்டிய பயிற்சிக்குச் சூட்டினால், கேட்டவுடன் தவறான பொருள்தான் மனத்தில் விழும். ‘கைத்தாங்கல்’ சரியான பொருளைத் தருகிறது. ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள் என்றால், நடந்தவர் அவர்தான், மற்றவர்கள் தாங்கினார்கள் என்பது யாருக்கும் விளங்கும். தூக்கி வந்தார்கள் என்று எவரும் கொள்வதில்லை.

‘மறுவாழ்வு’ அரசாணைகளில் இடம்பெற்ற சொல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மறுவாழ்வு மையம் என்றால் குடியை நிறுத்தச் சேர்க்கும் இடம் என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். பரிந்துரைச் சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்த ஒரு பெண், “எங்க வீட்டுக்காரரு குடிக்கவே மாட்டாருங்க” என்று கண்கலங்கியதை நேரில் கண்டிருக்கிறேன்.

‘மீட்பு’ என்பதை எதிர்க்க வேறொரு காரணம் உண்டு. இதை நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். 2010இல் அமெரிக்காவில் 127 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வார முடிவில் ரோபோ பயிற்சி வழக்கமான பராமரிப்பைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதாக இல்லை. 2019இல் வெளிவந்த, 770 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வில், 12 வாரங்கள், வாரம் மூன்று நாள், 45 நிமிடம் ரோபோவில் பயிற்சி பெற்றவர்களின் அசைவுத் திறன் ஓரளவு உயர்ந்தபோதும், அன்றாட வேலைகளில் கையின் பயன் வழக்கமான பராமரிப்பைவிட மேம்படவில்லை. ஆகவே கை மீண்டுவிடும் என்ற உறுதியைப் பெயரிலேயே எழுதிவைப்பது, கடன் வாங்கியாவது சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு நாம் செய்யும் அநீதி. எந்திரம் உண்மையில் தருவது எண்ணிக்கை. வழக்கமான ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கை சராசரியாக 32 முறையே செயல்சார்ந்த அசைவு செய்கிறது என்று 2009இல் ஒரு வட அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. 2010ஆம் ஆண்டு ஆய்வின் ரோபோ அமர்வுகளிலோ அது ஆயிரத்தைத் தொட்டது. திரும்பத் திரும்பச் செய்வதைக் குறிக்கப் ‘பயிற்சி’ போதுமானது.

இனி இலக்கணம். வழக்கிலுள்ள ‘கைத்தாங்கல்’ என்பது கையால் தாங்குதல், மூன்றாம் வேற்றுமை. நாம் வேண்டுவது கையைத் தாங்குதல், இரண்டாம் வேற்றுமை. ஒரே தொகை இரண்டுக்கும் இடம் தருவதைக் குறையாக அன்றி வாய்ப்பாகவே பார்க்கிறேன். எந்திரத்தின் கை நோயாளியின் கையைத் தாங்குகிறது அல்லவா? தோள் முதல் விரல் நுனி வரை அனைத்தையும் கை என்றே சொல்லும் நம் வழக்கும் இங்கே துணைநிற்கிறது. நடைப் பயிற்சி ரோபோக்களோடு குழப்பம் வருமே என்பார்க்கு, அவற்றை ‘நடைத்தாங்கல்’ என்று பிரித்துக்கொள்ளலாம் என்பேன். கிளைச்சொற்களும் எளிதில் பிறக்கின்றன: எந்திரம் தரும் துணையின் அளவு ‘தாங்கல் அளவு’; முன்னேற்றத்திற்கேற்ப அதைக் குறைத்துவருவது ‘தாங்கல் தளர்த்தல்’; நோயாளி முயலாமல் எந்திரமே கையை அசைத்துக் கொடுப்பது ‘இயக்கிவிடல்’.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. எந்திரம் அளவுக்கு மீறித் தாங்கினால், நோயாளி தம்மை அறியாமலேயே முயற்சியைக் குறைத்துக்கொள்கிறார். என் உள்ளங்கையிலும் இது நேர்வதுண்டு. பேச்சு சுவையாகப் போகும்போது முழங்கையின் பாரம் முழுவதும் என்மேல் இறங்கிவிடும். ‘சோம்பல்’ என்றால் நோயாளியைக் குறைகூறுவதாகும். ‘சாய்வு’ ஏற்கெனவே பல பொருள்களைச் சுமக்கிறது. ‘பாரம் விடுதல்’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். உழவிலோ சுமை தூக்கும் தொழிலிலோ இதற்கு வழங்கும் சொல் தெரிந்தவர்கள் அருள்கூர்ந்து எழுதுங்கள்.