தாத்தாவின் பிரம்பு வளையமும் அட்டை டிக்கெட்டுகளும்: எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி:
என் தாத்தா கடலூர் பக்கம் ஆலப்பாக்கம் ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேனாக (ரயில் தடம் மாற்றிவிடும் ஊழியர்) இருந்தவர். 2010-இல் அகலப் பாதை ஓடத் தொடங்கியதும் அந்த மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலம் முடிந்துபோனது. அவர் வைத்திருந்த பெரிய பிரம்பு வளையமும், ஒரு பிஸ்கட் டின் நிறைய கெட்டி அட்டை டிக்கெட்டுகளும் பரணில் கிடைத்தன. டிக்கெட்டை லேமினேட் செய்யலாமா? வளையம் எதற்கு?

பதில் 1:
லேமினேட் வேண்டவே வேண்டாம் தம்பி! சூடும் பசையும் அட்டையைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. அமிலமில்லாத தாள் உறையில், வெயில் படாமல் வையுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் அவசியம்.

பதில் 2:
அது டோக்கன் வளையம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாதே! டோக்கன் கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். அதை வளையத்தின் பையில் போட்டு நீட்டுவார்கள், ஓடும் இன்ஜினிலிருந்தே கையை விட்டு வாங்கிக்கொள்வார்கள். இருட்டில், மழையில் அப்படி நின்றவர் உங்கள் தாத்தா.

1879-இல் வந்த விழுப்புரம்–புதுச்சேரி பாதையும் மீட்டர் கேஜ்தான். வில்லியனூரில் வளர்ந்தவன் நான், அந்தக் குட்டி ரயில் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வளையத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், அந்தக் கைத்தேய்மானம் அப்படியே இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பாட்டிக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்கிறேன்.