தள்ளுபடியான சிறை வழக்குகள்: உங்களை விடாத ஒன்று எது?

தபால் மேசை:
அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் சிறைவாசிகளின் மனுக்களைப் பிரித்து அடுக்கும் எழுத்தராக இருந்தேன். வழக்குப் போடுமுன் சிறைக்குள்ளேயே முறையிட்டு முடிக்க வேண்டும் என்ற 1996 சட்டத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேன்டீன் பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய மனு அது. கழிவுநீர் பொங்கிய அறையில் நான்கு இரவுகள். ஓரத்தில் சின்னப் படம்: தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு, அளவு காட்டப் பக்கத்தில் அவருடைய செருப்பு. தள்ளுபடி ஆணையில் கழிவுநீருக்கு ஒரே வாக்கியம். மீதியெல்லாம், சிறைக்குள் போட வேண்டிய மேல்முறையீட்டை ஒரு நாள் தாமதமாகப் போட்டார் என்பதுதான். அந்த ஆணையை உறையிலிட்டு ஒட்டியவன் நான்.

எதிர்த்தரப்பு:
நீதிபதியைக் குறை சொல்லாதீர்கள். உள் முறையீட்டைக் கெடு தவறாமல் முடிக்க வேண்டும் என்று 2006இல் உட்ஃபோர்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேன்டீனில் கேட்ட பீனட் பட்டர் வகை மாறி வந்ததற்கெல்லாம் வழக்குப் போட்டார்கள். அதனால் வந்த சட்டம். நான் அரசுத் தரப்பில் உதவியாளன். ஒருமுறை தொலைபேசி விசாரணையில் சிறைவாசி ஒருவர், “யார் மீது புகாரோ அவரிடம்தான் முறையீட்டுப் படிவம் இருக்கிறது, யாரிடம் கேட்பது?” என்றார். யாரும் பேசவில்லை. நான் அடுத்த குறிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

நூலகத் தன்னார்வலர்:
பீனட் பட்டர் கதையை இன்னுமா நம்புகிறீர்கள்? திருப்பிக் கொடுத்த பொருளுக்குப் பிடித்த பணம் திரும்பி வரவில்லை என்பதுதான் வழக்கு. நீதிபதி ஜான் நியூமன் அப்போதே விளக்கினார். சிறை நூலகத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கணக்குச் சீட்டை நீட்டினார். வழக்கு முதல் பார்வையிலேயே தள்ளுபடி. ஆனால் 350 டாலர் வழக்குக் கட்டணம் அவர் கணக்கிலிருந்து தவணையில் போய்க்கொண்டிருந்தது. முந்தைய மாதம் வந்தது 15 டாலர், பிடித்தது 3. “தோற்றதற்குமா?” என்று கேட்டார். தோற்றதற்கும்தான்.

சட்டப்பித்தன்:
எனக்கு இப்படி அனுபவம் கிடையாது. மருமகன் வழக்கறிஞர், அவ்வளவே. ஆனாலும் சொல்கிறேன். சிறைக்குள் குறைமனு கொடுத்த தேதியையும் வாங்கியவர் பெயரையும் அன்றே எழுதி வைக்க வேண்டும். படிவம் மறுத்தால் அதையும். அதிகாரிகளே வழியை அடைத்தால் அந்த முறையீடு ‘கிடைக்காத’ ஒன்று, அதை முடிக்காமலே வழக்குப் போடலாம் என 2016இல் ராஸ் எதிர் பிளேக் தீர்ப்பு இருக்கிறது. நீதிமன்றத் தாள்களைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாளையே தாக்கல் நாளாகக் கொள்ளலாம். 1988 தீர்ப்பு, ஹியூஸ்டன் எதிர் லாக். அவசரப்பட்டு வழக்குப் போடக் கூடாது. அற்பம், வழக்குக் காரணமே இல்லை என்று மூன்று தள்ளுபடி விழுந்தால், உடனடி உடல் ஆபத்து இருந்தாலொழியக் கட்டணத்தை முழுதாக முன்கூட்டியே கட்ட வேண்டும். மீண்டும் தாக்கல் செய்ய அனுமதித்த தள்ளுபடியும் அந்தக் கணக்கில் சேரும் என்று 2020இல் லோமாக்ஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைப்பது உத்தமம்.

தபால் மேசை:
நகலா? எழுதத் தாள் இல்லாமல்தானே ஐயா அவர் கேன்டீன் பட்டியலைத் திருப்பிப் போட்டார்.